இணைப்பை அறியும் திறம்

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது போடிநாயக்கனூர். மலைமேல் விளையும் ஏலக்காய்க்கு இவ்வூர் நெடுங்காலமாகச் சிறந்த சந்தையாக விளங்கி வருகிறது. முன்னாளில் வணிகர் ஓரிடத்தில் கூடி, வாய்மொழியாக விலை கூறி ஏலம் எடுத்தனர். பின்னர்க் குரலின் இடத்தைக் கணிப்பொறி பெற்றது. 2021ஆம் ஆண்டில், போடிநாயக்கனூர் வணிகரும், மலைக்கு அப்பால் கேரளத்து இடுக்கி மாவட்டத்திலுள்ள புற்றடி வணிகரும் ஒரே ஏலத்தில் கலந்துகொள்ளும் முறையை நறுமணப் பொருள்கள் வாரியத்தார் தொடங்கினர்.

வாய்மொழி ஏலத்தில் ஒருவர் கூறும் விலை அனைவர் செவியிலும் விழும். கணிப்பொறியின்முன் அமர்ந்தவர் நிலை அத்தகையதன்று. கம்பி கழன்றிருப்பின், அவர் தரும் விலை எவரையும் எட்டாது. கழன்ற செய்தியைப் பொறி உடனே உணர்த்தாவிடின், தம் விலை சென்றுவிட்டதென்றே அவர் எண்ணியிருப்பார். ஆண்டு முழுதும் உழைத்த விவசாயிக்குச் சேரவேண்டிய நல்விலை அதனால் தவறிப்போகவும் கூடும். ஆதலின், “இணைப்பு உண்டா, இல்லையா?” என்பதை இடையறாது அறிந்து உரைத்தல் இன்றியமையாதது. இப்பணி, கணிப்பொறியினுள் உள்ள வலையமைப்பு அட்டைக்கும், அதனை இயக்கும் ‘டிரைவர்’ என்னும் நிரலுக்கும் உரியது.

இரவில் தோட்டங்களைக் காப்போர் இடையிடையே குரல் கொடுப்பர். மறுகுரல் கேட்கும்வரை, அடுத்த தோட்டத்தார் விழித்திருக்கிறார் என்பது உறுதி. அட்டையும், கம்பியின் மறுமுனையிலுள்ள ‘சுவிட்ச்’ என்னும் கருவியும் இவ்வாறே நடந்துகொள்கின்றன. 1990ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற ஈதர்நெட் முறையில், செய்தி இல்லாத வேளையிலும், ஏறத்தாழ 16 மில்லி விநாடிக்கு ஒருமுறை இவை ஒன்றுக்கொன்று சிறிய மின்துடிப்பை அனுப்பும். ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு கூறே மில்லி விநாடி. 1995ஆம் ஆண்டில் வந்த விரைவு முறையிலோ, ஓய்வைக் குறிக்கும் குறிகள் இடைவிடாது ஓடிக்கொண்டே இருக்கும். துடிப்போ குறியோ வாராதொழியின், இணைப்பு அற்றதென அட்டையிலுள்ள சில்லு முடிவு செய்யும்.

அம்முடிவைச் சில்லு தன் பதிவகத்தில் ஒரு பிட்டாகக் குறித்து வைக்கிறது. 1 எனின் இணைப்பு உண்டு; 0 எனின் இல்லை. இங்கே நுட்பமான ஓர் ஏற்பாடு உள்ளது. இணைப்பு ஒரு கணம் அறுந்து உடனே கூடினாலும், டிரைவர் வந்து படிக்கும்வரை அந்த பிட் 0 ஆகவே நிற்கும். நேர்ந்த குறை சிறிதாயினும் மறைந்துபோதல் கூடாது என்பதே இதன் நோக்கம். ஆகவே, இப்போதைய நிலையை அறிய டிரைவர் இருமுறை படித்தல் வேண்டும். முதன்முறை நேர்ந்ததைக் காட்டும். மறுமுறை இருப்பதைக் காட்டும்.

டிரைவர் பதிவகத்தைப் படிப்பதற்கு இருவழிகள் உள. ஒன்று, குறித்த கால இடைவெளியில் தானே சென்று பார்த்தல். லினக்ஸ் இயக்க முறைமையில் இது பொதுவாக விநாடிக்கு ஒருமுறை நிகழும். மற்றொன்று, நிலை மாறியவுடன் சில்லே அழைக்க, அப்போது பார்த்தல். எவ்வழியில் அறிந்தாலும், டிரைவர் அதனை இயக்க முறைமைக்கு அறிவிக்கிறது. இயக்க முறைமை அவ்வழியே செய்தி அனுப்புவதை நிறுத்தி, பிற நிரல்களுக்கும் அறிவிக்கிறது. திரையில் அடையாளமும் தோன்றுகிறது.

எனினும், இவ்வறிவிப்பிற்கு ஓர் எல்லை உண்டு. அஃது அட்டைக்கும் சுவிட்சுக்கும் இடையேயுள்ள கம்பியைப் பற்றியது மட்டுமே. போடிநாயக்கனூரில் கம்பி நன்னிலையில் இருக்கும்போதே, மலைகடந்து செல்லும் வழி தடைபட்டிருக்கலாம். 1895ஆம் ஆண்டில் பெரியாறு அணை நிறைவேறியபின், அதன் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்கிற்கு வருகிறது. தன் வயலின் மடை திறந்திருத்தலைக் கண்ட அளவில், அணைநீர் வந்துகொண்டிருக்கிறது என ஒருவர் துணிதல் ஆகாது. மடை திறந்திருத்தல் வேறு. நீர் வருதல் வேறு. அதுபோலவே, தொலைவிலுள்ள பொறியை எட்ட முடிகிறதா என்பதை, அதற்குச் செய்தி அனுப்பி, மறுமொழி பெற்றே அறிதல் வேண்டும்.

டிரைவர் தான் அறிந்ததைக் காலம் தாழ்த்தாது கூறுகிறது. நேர்ந்த குறையை மறைப்பதில்லை. அறியாததை அறிந்ததாகக் காட்டுவதுமில்லை. அதன் சொல் எதுவரை செல்லும் என்பதை உணர்ந்து பயன்கொள்ளுதல் மாந்தர் கடமையாகும்.