பறித்த பூவும் உயிரோடுதான் இருக்கிறது

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டின் குளிர் கொய்மலர்களுக்கு ஏற்றது. ரோஜா ரகங்களை வெளியிட்ட தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இங்கேதான் இருக்கிறது. ஏற்காட்டின் கரடியூர்ப் பக்கம் பூ வளர்ப்பவர் மாதக்கணக்கில் பட்ட பாடு, பறித்த பிறகு செய்யும் சின்னத் தவறுகளால் இரண்டே நாளில் வீணாகிவிடக் கூடாது. அந்தத் தவறுகளில் பல, நாம் கேள்வி கேட்காமல் நம்பி வருபவை.

நம்பிக்கை: மலைக்குளிரில் பறித்த பூவுக்குத் தனிக் கவனிப்பு தேவையில்லை.

உண்மை: பறித்த பூ மூச்சுவிடுவதை நிறுத்துவதில்லை. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்தச் சுவாசம் இரண்டு, மூன்று மடங்காகிறது. தண்டிலும் இதழிலும் உள்ள சேமிப்பு அந்த வேகத்திலேயே கரைகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் சேலத்து வெயில். ஆகவே விடிகாலையில் பறித்து, உடனே சுத்தமான வாளித் தண்ணீரில் நிறுத்தி, நிழலில் வைத்து, வெயில் ஏறும் முன் கீழே அனுப்ப வேண்டும்.

நம்பிக்கை: மொட்டாகப் பறித்தால் எந்தப் பூவும் நாள்பட இருக்கும்.

உண்மை: ரோஜாவுக்கு இது பொருந்தும், வெளி இதழ் ஒன்றிரண்டு அவிழத் தொடங்கும்போது பறிக்கலாம். ஜெர்பரா அப்படியல்ல. நடுவட்டத்துச் சிறுபூக்களில் வெளி வரிசைகள் ஒன்றிரண்டு மலர்ந்த பிறகே பறிக்க வேண்டும். முந்தினால் கழுத்து வளைந்து தொங்கிவிடும். ஆந்தூரியத்தை நடுக்கதிரில் பாதிக்கு மேல் முதிர்ந்து நிறம் மாறிய பின் பறிக்க வேண்டும்.

நம்பிக்கை: எந்தப் பூவானாலும் ஃபிரிட்ஜில் வைத்தால் வாடாது.

உண்மை: ரோஜாவுக்கு 2 டிகிரி குளிர் நல்லது. வெப்பமண்டலத்துப் பூவான ஆந்தூரியத்துக்கோ 12 டிகிரிக்குக் கீழே போனால் குளிரே நோய். நிறம் மங்கிக் கருத்துவிடும். வீட்டு ஃபிரிட்ஜில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பழுக்கும் வாழைப்பழமும் ஆப்பிளும் எத்திலீன் வாயுவை வெளிவிடுகின்றன. கார்னேஷன் போன்ற பூக்களை அது சீக்கிரமே மூப்படையச் செய்யும்.

நம்பிக்கை: ஜாடியில் காசோ ஆஸ்பிரினோ போட்டால் போதும்.

உண்மை: செம்பு உப்புக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு. ஆனால் இன்றைய ஒரு ரூபாய் நாணயம் துருப்பிடிக்காத எஃகு. அதிலிருந்து தண்ணீரில் கரைய எதுவும் இல்லை. ஆஸ்பிரின் தண்ணீரைச் சற்றே அமிலமாக்கும், அவ்வளவுதான். அதை நம்பிப் பூவை விட முடியாது.

நம்பிக்கை: சர்க்கரை போட்டால் பூவுக்குத் தெம்பு.

உண்மை: பாதி உண்மை. சர்க்கரை பூவுக்கு மட்டும் உணவல்ல, பாக்டீரியாவுக்கும் உணவு. பெருகிய பாக்டீரியா தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துவிட, ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் வாடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை போட்டால், துணி வெளுக்கும் ப்ளீச் கால் தேக்கரண்டியும் சேருங்கள்.

நம்பிக்கை: தண்டு முழுதும் தண்ணீரில் மூழ்க வேண்டும்.

உண்மை: பூ தண்ணீர் குடிப்பது பெரும்பாலும் வெட்டிய நுனி வழியே. ஜெர்பராவின் மயிரடர்ந்த தண்டு ஆழத் தண்ணீரில் அழுகும். நான்கைந்து விரற்கடை போதும். எந்தப் பூவானாலும் தண்ணீருக்குள் இலை இருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் கூரான கத்தியால் தண்டு நுனியில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வெட்டுங்கள். காற்று புகுந்து அடைத்த பகுதி அதோடு போகும். ஜாடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீரை மாற்றி, நுனியை மறுபடி வெட்டுங்கள். ஆந்தூரியம் இரண்டு வாரத்துக்கு மேலும் நிற்கக்கூடிய பூ. அந்த ஆயுளை அதற்குக் கொடுப்பது மருந்து மாத்திரையல்ல. சுத்தமான தண்ணீரும், அந்தந்தப் பூவுக்கு ஏற்ற குளிரும்தான்.