எங்கள் செல்லிக்கு ஏற்ற உணவு

ஈக்காட்டுத்தாங்கலில் உள்ள எங்கள் வீட்டில் செல்லி என்னும் பூனை 11 ஆண்டுகளாக வளர்கிறது. கருத்தடை அறுவை செய்யப்பட்ட அதற்குப் பாட்டி நாள்தோறும் பால் சோறு வைப்பார். சென்ற ஆண்டு அது மிகவும் பருத்தது. வயிற்றுப்போக்கும் அரிப்பும் வந்தன. கால்நடை மருத்துவர் விளக்கியவற்றை இங்கே தருகிறேன்.

பூனை புலால் உண்ணும் பிராணி. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்னும் சத்து குறைந்தால் அதன் இதயம் பலவீனமடையும். இதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1987-இல் வெளியிட்டனர். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. கருத்தடைக்குப் பின் உடலுக்கு வேண்டிய கலோரி குறைகிறது, பசியோ கூடுகிறது. ஆகவே உலர் தீனியை அளந்தே வைக்க வேண்டும்.

தீனி வாங்கும்போது உறையிலுள்ள பொருள்களின் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமானதே முதலில் இருக்கும். அது இறைச்சியா, தானியமா என்று பாருங்கள். உணவு ஒவ்வாமை என்று ஐயம் எழுந்தால், அது முன்பு உண்ணாத ஒரே வகைப் புரதமுள்ள தீனியை மருத்துவர் சொற்படி சுமார் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இடையில் வேறெதுவும் தரலாகாது. பழைய உணவைத் திடீரென்று நிறுத்தாமல், ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றுவது நலம்.

உலர் தீனியில் நீர் ஏறக்குறைய 10 விழுக்காடுதான். முதிய பூனைகளுக்குச் சிறுநீரக நோய் வருவதுண்டு. எனவே இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வைக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையும் தேவை.

இப்போது செல்லி மெலிந்து, அரிப்பின்றி உறங்குகிறது. “என் ஆசைக்கு ஊட்டினேனே, அதன் வயிற்றைக் கேட்கலையே!” என்றார் பாட்டி. தோழியரே, அன்போடு அறிவும் சேர்ந்தால்தான் வாயில்லாப் பிராணிக்கு நன்மை.