641 உடைத்த பேரெண்

429,49,67,297 என்ற எண்ணைச் சற்று உற்று நோக்குங்கள். இது பகா எண்ணா, பகு எண்ணா? ஒற்றைப்படை எண்ணாதலால் இரண்டால் வகுபடாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 59. ஆகவே மூன்றாலும் வகுபடாது. ஐந்தாலும் வகுபடாது. இப்படி ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனால் பொழுது விடிந்துவிடும்! இவ்வெண்ணின் கதையை இங்கே காண்போம்.

17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பணியாற்றியவர் பியர் தெ பெர்மா. கணிதம் அவருக்கு ஓய்வு நேர இன்பம். 2-இன் அடுக்கை ஒவ்வொரு முறையும் இருமடங்காக்கி, அத்துடன் 1-ஐக் கூட்டினார்.

2¹ + 1 = 3
2² + 1 = 5
2⁴ + 1 = 17
2⁸ + 1 = 257
2¹⁶ + 1 = 65,537

ஐந்தும் பகா எண்களே! இவ்வாறு வரும் எண்கள் யாவும் பகா எண்களே என்று 1640-இல் அவர் தம் நண்பர்களுக்கு எழுதினார். ஆனால் நிரூபணம் அவர் கையில் இல்லை. அடுத்து வருவது 2³² + 1. அதுவே நாம் மேலே கண்ட பேரெண்.

1732-இல் சுவிட்சர்லாந்து நாட்டு மேதை ஆய்லர் இவ்வெண்ணின் பூட்டைத் திறந்தார். இதற்குப் பகாக் காரணி இருந்தால், அது 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகவே இருக்கும் என்பது அவர் கண்ட விதி. அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 எனச் செல்கின்றன. முதல் நான்கும் வகுக்கவில்லை, ஐந்தாவது வகுத்துவிட்டது!

641 × 67,00,417 = 429,49,67,297

நீண்ட வகுத்தல் இல்லாமலே இதை நாமும் நிரூபிக்கலாம். நாம் படித்த 'இரு வர்க்கங்களின் வித்தியாசம்' என்ற முற்றொருமையே போதும்.

முதற்படி: 641 = 625 + 16 = 5⁴ + 2⁴. இதை 2²⁸-ஆல் பெருக்கினால், 641 × 2²⁸ = 5⁴ × 2²⁸ + 2³². இங்கு 5⁴ × 2²⁸ என்பது (5 × 2⁷)⁴, அதாவது 640⁴. எனவே 641 × 2²⁸ = 640⁴ + 2³².

இரண்டாம் படி: 640⁴ − 1 = (640² + 1)(640 + 1)(640 − 1). நடுவில் உள்ள காரணி 641 அல்லவா? ஆகவே 640⁴ − 1 என்பதும் 641-ஆல் வகுபடும்.

மூன்றாம் படி: முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிப்போம்.

(640⁴ + 2³²) − (640⁴ − 1) = 2³² + 1

641-இன் மடங்கிலிருந்து 641-இன் மடங்கைக் கழித்தால் மீதியும் 641-இன் மடங்கே. நிரூபணம் முடிந்தது!

பெர்மாவின் வரிசையில் 65,537-க்குப் பிறகு இன்றுவரை வேறொரு பகா எண் கிடைக்கவில்லை. அதற்காக 'இனி இல்லவே இல்லை' என்றும் நாம் சொல்லிவிட முடியாது. அதற்கும் நிரூபணம் வேண்டும்.

ஐந்து முறை சரியாக வந்தது ஆறாவது முறை பொய்த்தது. சொன்னவர் பெரியவர் என்பதாலோ, பல முறை பலித்தது என்பதாலோ ஒரு கூற்று உண்மையாகிவிடாது. 'ஏன்?' என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகே அது உண்மை. கணிதம் நமக்குக் கற்றுத்தரும் நேர்மை இதுதான்.

தோழியரே, உங்களுக்கு ஒரு பயிற்சி. ஓர் எண்ணை வர்க்கப்படுத்தி, அதே எண்ணைக் கூட்டி, மேலும் 41-ஐக் கூட்டுங்கள். 1, 2, 3 எனத் தொடங்கினால் 43, 47, 53 என்று பகா எண்களாகவே வரும். எந்த எண்ணில் இது முதன்முதலாகப் பொய்க்கிறது? கண்டுபிடித்து, காரணமும் கூறுங்கள் பார்க்கலாம்!