குண்டில்லாமல் சுட்டால் துப்பாக்கி கெட்டுவிடுமா?

சிராங்கூன் சாலைப் பாத்திரக் கடைகளில் சிறிய கல்லுரலைப் பார்த்திருப்பீர்கள். அதில் மிளகைப் போட்டு இடித்தால் மந்தமான ஓசைதான் வரும். மிளகு இல்லாமல் இடித்துப் பாருங்கள்: ‘ணங்’கென்று சத்தம், கையில் அதிர்வு, சில சமயம் கல்துகளும் உதிரும். “வெறும் உரலை இடிக்காதே” என்று பாட்டி அதட்டுவது இதனால்தான்.

துப்பாக்கி சுடுதலை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்திருக்கும் மாணவர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கும் இந்த உரலில் விடை இருக்கிறது. “குண்டு போடாமல் டிரிகரை இழுத்தால் துப்பாக்கி கெட்டுவிடுமா, சார்?” கெட்டுவிடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். தினமும் அப்படிப் பயிற்சி செய் என்கிறார் பயிற்றுநர். இரண்டுமே சரி. எந்தத் துப்பாக்கி என்பதுதான் விஷயம்.

முதலில், சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துப்பாக்கி. டிரிகரை இழுத்ததும் அமுங்கியிருந்த சுருள்வில் விரிந்து பிஸ்டனைத் தள்ளும். முன்னால் உள்ள காற்று அழுத்தப்பட்டு ஈயக்குண்டை வெளியேற்றும். குண்டு சற்று நேரம் வழியை அடைத்து நிற்பதால், சிக்கிய காற்று மெத்தைபோல் பிஸ்டனின் வேகத்தைக் குறைக்கிறது. குண்டு இல்லையென்றால் காற்று தப்பிவிடும். பிஸ்டன் உருளையின் முனையில் போய் மோதும்.

சைக்கிள் பம்பில் இதைச் சோதிக்கலாம். குழாய் முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினால் மெத்தென்று தடுக்கும். விரலை எடுத்துவிட்டு வேகமாக அழுத்தினால் ‘டக்’கென்று அடியில் இடிக்கும்.

அந்த இடி எவ்வளவு பெரியது? அரை கிராம் குண்டு விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் பறந்தால் அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 7 ஜூல். ஒரு கிலோ சீனிப் பொட்டலம் மேசை உயரத்திலிருந்து விழும்போது தரையைத் தாக்கும் ஆற்றல் அது. சுருள்வில்லில் சேமிக்கப்படுவது இதைவிட அதிகம், ஏனென்றால் எல்லா ஆற்றலும் குண்டுக்குப் போய்ச் சேர்வதில்லை. குண்டு இல்லாதபோது அந்த ஆற்றலின் பெரும்பங்கை பிஸ்டனும் அதன் அடைப்பு வளையமும் சுருள்வில்லும் தாங்க வேண்டும்.

போட்டிகளில் இன்று பயன்படும் 10 மீட்டர் துப்பாக்கிகள் வேறு வகை. அவற்றை இயக்குவது உருளையில் அடைத்த அழுத்தக் காற்று. மோதுவதற்குப் பெரிய பிஸ்டன் இல்லை. காற்றை வெளிவிடாமல் டிரிகரை மட்டும் இயக்கும் பயிற்சி அமைப்பும் பலவற்றில் உண்டு. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் நம் மார்டினா வெலோசோ தங்கம் வென்ற 10 மீட்டர் பிரிவில், பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான்! டிரிகரை இழுக்கும் கணத்தில் குழல் இம்மியளவு அசைந்தாலும் போச்சு. வெறுமனே இழுத்துப் பழகும்போது அந்த அசைவு கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

தோட்டாத் துப்பாக்கிகளில் ஊசி எங்கே தட்டுகிறது என்று பார்க்க வேண்டும். 50 மீட்டர் போட்டிக்கான சிறு தோட்டாவில் வெடிக்கும் கலவை விளிம்பில் இருக்கிறது. தோட்டா இல்லாதபோது சில துப்பாக்கிகளில் ஊசி நேராகத் தோட்டா அறையின் எஃகு விளிம்பில் பட்டுப் பள்ளம் விழும். பிறகு தோட்டா சரியாக வெடிக்காது. போலித் தோட்டா விற்பது இதற்காகத்தான். தேசிய சேவையில் நம் அண்ணன்மார் தூக்கும் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியின் தோட்டாவில் கலவை நடுவில் இருக்கிறது. அங்கே ஊசிக்கு எதிரே வெற்றிடம்தான். அது பின்னாலுள்ள உறுப்பில் தட்டி நிற்கும். அதைத் தாங்கும்படியே பெரும்பாலான நவீன துப்பாக்கிகள் செய்யப்படுகின்றன.

இதைப் படித்துவிட்டுப் பள்ளித் துப்பாக்கியில் நீங்களாகச் சோதனை செய்யாதீர்கள். காலி என்று நினைத்த துப்பாக்கியால் நேர்ந்த விபத்துகள் உண்டு. பயிற்றுநர் திறந்து பார்த்து, நீங்களும் பார்த்து, குழல் இலக்கை நோக்கியிருந்தால்தான் விரல் டிரிகருக்குப் போக வேண்டும்.

வில்வித்தையில் இருக்கும் நண்பர் இருந்தால், அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடுவாரா என்று கேட்டுப் பாருங்கள். அம்பு கொண்டுபோக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லிலேயே தங்கி, அதன் கைகள் பிளந்துவிடக்கூடும்.