வேலூர்க் குழந்தைகள் தந்த விடை

தட்டம்மை ஒரு முறை கண்டவருக்கு மறுமுறை பொதுவாக வருவதில்லை. எல்லா நோய்களுக்கும் இவ்விதி பொருந்துமா? நம் திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரில், கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இதை ஆராய்ந்தவர் டாக்டர் ககன்தீப் காங்.

அவர் எடுத்துக்கொண்டது ரோட்டா வைரஸ். இது குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். உடல் நீரை இழந்து உயிரும் போகலாம். அவரது குழுவினர் 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்தனர். மெக்சிகோவில் நடந்த ஆய்வில், இரு முறை தொற்றிய குழந்தைகளுக்குப் பின்னர் கடும் நோய் வரவில்லை. வேலூரிலோ மூன்று முறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 விழுக்காடே. 2011இல் இம்முடிவு வெளியாயிற்று.

ஆகவே, தடுப்பு மருந்தை அது பயன்படும் நாட்டிலேயே சோதிக்க வேண்டும். டில்லி, பூனா, வேலூர் ஆகிய இடங்களில் சுமார் 6,800 குழந்தைகளிடம் 'ரோட்டாவாக்' என்ற இந்தியச் சொட்டு மருந்து சோதிக்கப்பட்டது. முதல் ஆண்டில் பயன் 56 விழுக்காடு. அதாவது, மருந்தின்றி 100 குழந்தைகளுக்குக் கடும் நோய் வருமிடத்தில், மருந்து கொடுத்தால் 44 குழந்தைகளுக்கே வரும். ஆண்டுதோறும் இரண்டு கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கும் நாட்டில் இது சிறிய பயனா? 2016இல் ரோட்டா சொட்டு மருந்து அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றது.