குடிமகன் யார்?

நுழையும்முன்

சட்டத்தில் இடம்பெறும் ஒரு சொல், மனிதர்களின் வாழ்வைத் திசைமாற்ற வல்லது. அச்சொல்லுக்குப் பொருள் கூறும் உரிமை எவரிடம் இருக்கிறதோ, அவரிடமே அதிகாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் 'வெள்ளையர்' என்னும் ஒரு சொல் ஏறத்தாழ 160 ஆண்டுகள் குடியுரிமையின் வாயிற்கதவாக நின்றது. அக்கதவின்முன் நின்ற மனிதர்களின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சட்டம் வரைந்த கோடு

அமெரிக்க நாடாளுமன்றம் 1790ஆம் ஆண்டு தனது முதல் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுவோருள், அடிமை நிலையில் இல்லாத வெள்ளையர் மட்டுமே குடியுரிமை பெறலாம் என்று அச்சட்டம் வரையறுத்தது. 'வெள்ளையர்' என்பவர் யாவர் என அது விளக்கவில்லை. அந்த விளக்கமின்மையே பிற்காலத்தில் பல வழக்குகளுக்கு வித்திட்டது.

அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பின மக்களின் நிலை இன்னும் கொடியதாக இருந்தது. அடிமையாயினும் விடுதலை பெற்றவராயினும் கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது என்று 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்நாட்டுப் போருக்குப் பின்னர், 1868இல் நிறைவேறிய பதினான்காம் அரசியலமைப்புத் திருத்தம் அத்தீர்ப்பைச் செல்லாததாக்கியது. அமெரிக்க மண்ணில் பிறந்து அந்நாட்டுச் சட்ட எல்லைக்கு உட்பட்ட அனைவரும் குடிமக்களே என அது அறிவித்தது. 1870இல், ஆப்பிரிக்க வழிவந்த குடியேறிகளும் குடியுரிமை பெறலாம் எனச் சட்டம் திருத்தப்பட்டது. ஆசியரோ கோட்டுக்கு வெளியிலேயே நின்றனர்.

இரு வழக்குகள், இரு விளக்கங்கள்

ஜப்பானில் பிறந்த தக்காவோ ஒசாவா, இருபது ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்தவர்; கலிபோர்னியாவில் கல்வி பயின்றவர்; இல்லத்திலும் ஆங்கிலமே பேசியவர். தமது தோலும் வெண்மையானதே என்று அவர் வாதிட்டார். 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவரது கோரிக்கையை மறுத்தது. 'வெள்ளையர்' என்பது தோலின் நிறத்தைக் குறிப்பதன்று. 'காக்கேசிய' இனத்தவரையே குறிக்கும் என்பது அதன் விளக்கம்.

பஞ்சாபில் பிறந்த பகத்சிங் திண்ட், முதல் உலகப்போரின்போது அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். அக்கால இனநூலார் இந்தியரைக் காக்கேசிய இனத்தில் சேர்த்திருந்தனர். எனவே, நீதிமன்றத்தின் விளக்கப்படியே தமக்குக் குடியுரிமை உண்டு என்று அவர் கருதினார். ஆனால், மூன்று திங்கள் கழித்து, 1923 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் வேறு விளக்கம் தந்தது. நூலோர் கூறும் பொருள் ஏற்கத்தக்கதன்று. சாதாரண மனிதர் புரிந்துகொள்ளும் பொருளே கொள்ளத்தக்கது என்றது. இரு தீர்ப்புகளையும் எழுதியவர் ஜார்ஜ் சதர்லேண்ட் என்னும் ஒரே நீதிபதி. அவரும் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவரே.

அளவுகோல் மாறியது, முடிவு மாறவில்லை. திண்ட் வழக்கைத் தொடர்ந்து, முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. குடியுரிமை பெறத் தகுதியற்றோர் நிலம் வாங்குவதைக் கலிபோர்னியாவின் சட்டம் தடுத்தமையால், உழுத நிலமும் கைநழுவும் நிலைக்கு உழவர்கள் உள்ளாயினர்.

இடம் கேட்டலும் கோடு அழித்தலும்

திண்டின் வாதத்தில் நாம் கருதிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. நிறத்தின் பெயரால் மனிதரைப் பிரித்தல் தவறு என்று அவர் தரப்பு வாதிடவில்லை. அவர் ஆரிய வழிவந்த உயர்சாதியினர். ஆகவே வெள்ளையருடன் சேர்த்து எண்ணத்தக்கவர் என்றே வாதிட்டது. தாய்நாட்டின் சாதி உயர்வு அங்கே சான்றாக வைக்கப்பட்டது. ஒரு நாட்டின் ஏற்றத்தாழ்வைக் காட்டி மற்றொரு நாட்டின் ஏற்றத்தாழ்வில் மேலிடம் கேட்ட வாதம் அது. கோட்டின் மறுபக்கத்தில் தமக்கு இடம் கேட்பது வேறு. கோட்டையே அழிப்பது வேறு.

பதினான்காம் திருத்தம் கோட்டை அழித்த செயலாகும். அதன் பயனை வோங் கிம் ஆர்க் வழக்கில் காணலாம். சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த சமையல் தொழிலாளி அவர். சீனாவுக்குச் சென்று 1895இல் திரும்பியபோது, குடிமகன் அல்லர் என்று துறைமுகத்தில் தடுக்கப்பட்டார். அவர் வழக்காடினார்; 1898இல் வென்றார். அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களுக்காக எழுதப்பட்ட சொற்கள், சீனப் பெற்றோரின் மகனையும் காத்தன.

> தெரிந்து தெளிவோம்
> சீனத் தொழிலாளர் குடியேறுவதைத் தடுக்கும் சட்டம் 1882இல் இயற்றப்பட்டு, 1943இல் நீக்கப்பட்டது. 1946ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர் குடியுரிமை பெற வழிவகுத்தது. எனினும் ஆண்டுக்கு 100 இந்தியர் மட்டுமே குடியேற அனுமதித்தது. அவ்வாறு குடியுரிமை பெற்ற தலீப்சிங் சவுந்து, 1956இல் அமெரிக்க நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆசியர் ஆனார்.

கதவு திறந்தது

1952இல் குடியுரிமைக்கான இனத்தடை முற்றிலும் நீங்கியது. கறுப்பின மக்களின் சமவுரிமைப் போராட்டம் ஓங்கியிருந்த காலத்தில், 1965ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்த நாட்டை வைத்துக் குடியேற்றத்தை அளந்த பழைய முறையை மாற்றியது. அதன் பின்னரே இந்தியர் பெருந்தொகையில் அங்குச் செல்ல முடிந்தது. அதற்கு முன்பே, 1958இல் சென்னையைச் சேர்ந்த சியாமளா கோபாலன் உயர்கல்விக்காகக் கலிபோர்னியா சென்று, அப்போராட்டத்திலும் பங்கேற்றார். ஜமைக்காவிலிருந்து வந்த தந்தைக்கும் அவருக்கும் 1964இல் பிறந்த கமலா ஹாரிஸ், பிறப்பாலேயே குடியுரிமை பெற்றவர். 2021இல் துணைக் குடியரசுத் தலைவரானார். அவர் பிறப்புரிமையின் வேர், 1868இன் திருத்தத்திலும் ஒரு சமையல் தொழிலாளியின் வழக்கிலும் இருக்கிறது.

பிறப்பால் வரும் குடியுரிமை குறித்து அமெரிக்க அரசியலில் இன்றும் வாதம் எழுகிறது. சட்டத்தில் எழுதப்பட்ட உரிமையும் விழிப்புடன் காக்கப்பட வேண்டியதே. தமக்கென மட்டும் கேட்கும் உரிமை தம்மளவில் நின்றுவிடும். அனைவருக்குமாகப் பெறும் உரிமையே தலைமுறைகளைக் காக்கும்.

கற்பவை கற்றபின்

1. ஒசாவா, திண்ட் வழக்குகளில் 'வெள்ளையர்' என்னும் சொல்லுக்குத் தரப்பட்ட பொருள்களை ஒப்பிட்டு எழுதுக.
2. 'இடம் கேட்பது வேறு; கோட்டையே அழிப்பது வேறு' – இக்கருத்தை உம் சுற்றுப்புறத்தில் கண்ட நிகழ்வு ஒன்றுடன் பொருத்தி வகுப்பறையில் கலந்துரையாடுக.