பரணில் கிடக்கும் பாதி வேலைகள்

அன்புள்ள சகோதரிக்கு,

கழுத்து மட்டும் முடிந்த ஆரி ரவிக்கை, கை பாக்கியுள்ள ஸ்வெட்டர், அடி போட்டதோடு நின்ற ஒயர் கூடை, டப்பா டப்பாவாக மணியும் சமிக்கியும், உங்கள் மாமியார் பாதியில் விட்டுப்போன குரோஷா மேஜை விரிப்பு. தூக்கிப் போட மனம் வரவில்லை, எடுத்து முடிக்கவும் கை போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இதே தவிப்பு இன்னும் பல வாசகிகளுக்கும் இருப்பதால் பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

பரணில் ஏற்றிவிட்டால் பொருள் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறோம். இருப்பதில்லை. ஈரக்காற்று பட்டு ஜர்தோசிக் கம்பி கறுத்துப்போகும். மடிப்பு மாற்றாமல் கிடக்கும் பட்டு, மடிப்போரத்தில் இற்றுவிடும். சூடு ஏறி ஏறி விறைத்த ஒயர், முடிச்சை இறுக்கும்போது விரிசல் விடும். துணிக்கு அடிக்கும் பெயிண்ட் புட்டியிலேயே கட்டிதட்டும். நிஜக் கம்பளியை அந்துப்பூச்சியின் புழு அரித்துத் தின்னும். அக்ரிலிக் நூலை அது சீண்டாது. கண்ணாடி மணி மட்டும் எத்தனை வருடமானாலும் அப்படியே இருக்கும். இன்றைக்குக் கொடுத்தால் இன்னொருத்தி கையில் கூடையாகிற ஒயர், சில வருடம் கழித்துக் கொடுத்தால் குப்பைதான். காப்பாற்றுவதாக நினைத்து நாம் வீணாக்குகிறோம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

அதனால் ஒயரை முதலில் இறக்குங்கள். சிவன் கண், நெல்லிக்காய் முடிச்செல்லாம் சரளமாகப் போடுகிறவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். அடியையும் மீதிக் கட்டையும் சேர்த்தே கொடுங்கள். எத்தனை ஒயர், என்ன நீளம் என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். சீட்டு இல்லாத பாதி வேலை வாங்குகிறவருக்குப் பாரம்.

ஆரி ரவிக்கை யாருடைய கல்யாணத்துக்கோ தொடங்கியது, கல்யாணமும் முடிந்தது, அளவும் மாறிவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் பிரித்துவிடலாம். ஆரித் தையல் சங்கிலித் தையல்தானே? கடைசி முடிச்சை வெட்டி, மேலே இருக்கும் கடைசிக் கண்ணை விடுவித்து, துணிக்கு அடியிலிருந்து நூலை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கண் கண்ணாகச் சரசரவென்று கழன்று வரும். மணிகள் ஒவ்வொன்றாக உதிரும். கீழே ஒரு எவர்சில்வர் தட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய குந்தன் கல்லை மட்டும் பிடுங்காதீர்கள், துணியும் சேர்ந்து போகும். பருத்தித் துணியானால் ஊசித் துளை ஒரு துவைப்பில் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். பட்டில் தெரியும், அந்தப் பட்டைத் துண்டு போட்டு, ஆரி வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழகக் கொடுக்கலாம். மணி டப்பாக்களும் அங்கேயே போகட்டும். அங்கன்வாடிக்குக் கொடுக்க நினைத்தீர்களாம், வேண்டாம். சின்னக் குழந்தைகள் வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும். வண்ணக் காகிதமும் கிரேயானும் அங்கே கொடுங்கள்.

ஸ்வெட்டர் யாருக்காகத் தொடங்கியதோ அந்தப் பையன் இப்போது கல்லூரியில். நூலும் பற்றாது. அதே நம்பர் நூல் கடையில் கிடைத்தாலும், வேறு சாயத் தொட்டியில் நனைந்த நூல் ஒரு சாயல் மாறித்தான் இருக்கும். கை ஒரு நிறமாகவும் உடம்பு ஒரு நிறமாகவும் தெரியும். இதையும் பிரியுங்கள். தைத்த ஓரங்களை முதலில் அவிழ்த்துவிட்டு, கடைசியாகப் பின்னிய வரிசையிலிருந்து பிரித்து, நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். கம்பளியானால் வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டு நிழலில் தொங்கவிட்டால் சுருள் தானாகவே நீளும். அக்ரிலிக் அவ்வளவு சொன்னபடி கேட்காது. பின்னத் தெரிந்த கைக்குப் பிரிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. நூல் திரும்பவும் நூலாகிறது, வேறென்ன?

விற்கப் பார்த்தேன், பாதி விலைக்குக்கூட யாரும் கேட்கவில்லை என்று மனம் நொந்திருக்கிறீர்கள். அதற்குக் காரணம் உண்டு. 1990இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தாலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரு காபிக் கோப்பையைக் கொடுத்தார்கள். அதை விற்க அவர்கள் கேட்ட விலை, கோப்பை கிடைக்காதவர்கள் தரத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சும்மா வந்த கோப்பைக்கே அப்படி. நீங்கள் காசு கொடுத்து வாங்கி, கண் நோகத் தைத்ததற்கு உங்கள் மனம் சொல்லும் விலையை யாராலும் தர முடியாது. விற்பதை விட்டுவிடுங்கள், சும்மா கொடுங்கள். வெட்டுத் துணிகளில் நல்ல பருத்தியைக் கூஞ்ச் போன்ற அமைப்புகளுக்கு அனுப்பலாம். பழைய பருத்தித் துணியிலிருந்து மாதவிடாய்த் துணிகள் செய்கிறவர்கள் அவர்கள். அக்ரிலிக் நூலைப் போகியில் மட்டும் கொளுத்தாதீர்கள். அது பிளாஸ்டிக்.

மாமியாரின் விரிப்புக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அமெரிக்காவில் 2022இல் பின்னல் தெரிந்த இரு பெண்கள் லூஸ் எண்ட்ஸ் என்று ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். இறந்தவர் பாதியில் விட்ட பின்னலை, அந்த வேலை தெரிந்த தன்னார்வலர் ஒருவர் காசு வாங்காமல் முடித்துக் குடும்பத்திடம் திருப்பித் தருகிறார். அதைப் படித்தபோது என் மனம் நிறைந்தது. உங்கள் வட்டத்திலும் குரோஷா கைவந்த ஒரு பெரியம்மா இருப்பார், கேட்டுப் பாருங்கள். முடிக்க வேண்டாம், மாமியார் விட்ட இடம் அப்படியே இருக்கட்டும் என்று தோன்றினால் அதுவும் சரிதான். ஊசியை மட்டும் கழற்றிவிடுங்கள், துரு இறங்கினால் கறை போகாது. கடைசிக் கண்ணில் வேறு நிற நூல் ஒன்றைக் கோத்து முடிந்து, துவைத்த வேட்டித் துணியில் சுற்றி, பரணில் அல்லாமல் புடவை அலமாரியில் வையுங்கள்.

மற்றதையெல்லாம் ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இறக்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி